ஹாரிஸ்–டொடாரோ கணக்கும் நடவுக்கு வராத ஆட்களும்

வெண்ணாறு | ஞாயிறு, காலை 6.20

நாற்றங்காலில் சம்பா நாற்றுக்கு வயது முப்பது நாளைத் தொட்டுவிட்டது. இனியும் தள்ளினால் சரியாகத் தூர் கட்டாது. நேற்று நடவுக்கு ஆள் கேட்டு மூன்று தெரு நடந்தேன். திண்ணையில் கிழவர்கள், கதவில் பூட்டு, ஒரு வாசலில் நாய் மட்டும். நடவு மேஸ்திரி கைப்பேசியை எடுக்கவே இல்லை.

நான் முப்பது ஆண்டு கல்லூரியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நீடாமங்கலம் பக்கம் ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலம் இருக்கிறது. கிராமத்து ஆட்கள் ஏன் நகரத்துக்குப் போகிறார்கள் என்று விளக்க ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த ஒரு படம் நேற்று வரப்பில் நின்றபோது நினைவுக்கு வந்தது. இத்தனை காலம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அதைத்தான் இந்த இழையில் வைக்கிறேன்.

1954-இல் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்க வேண்டும். கிராமத்தில் தேவைக்கு மேல் ஆள் கிடக்கிறது, அவர்களில் சிலர் போனாலும் விளைச்சல் குறையாது, வயிற்றுப்பாட்டுக்குச் சற்று மேலே கூலி கொடுத்தால் நகரத்துத் தொழிலுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1960-களின் ஆப்பிரிக்க நகரங்கள் வேறு காட்சியைக் காட்டின. வேலையில்லாதவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அது தெரிந்தும் கிராமத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். இவர்களுக்குப் பைத்தியமா?

இல்லை என்று 1970-இல் பொருளியலாளர்கள் ஜான் ஹாரிசும் மைக்கேல் டொடாரோவும் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். போகிறவன் நகரத்துக் கூலியை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் கூலி கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கிறான். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஊரில் நாள் கூலி 500 ரூபாய், நிச்சயமாகக் கிடைக்கும். நகரத்தில் 1,000 ரூபாய், ஆனால் பத்தில் ஆறு பேருக்கே வேலை. எதிர்பார்க்கும் கூலி 600. அதனால் பையைத் தூக்குகிறான். ஆட்கள் சேரச் சேர வாய்ப்பு சுருங்கும். பத்தில் ஐந்து என்று ஆகும்போது இரு பக்கமும் 500. ஓட்டம் அங்கேதான் நிற்கும். அப்போது நகரத்தில் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கென்யாவில் 1964-இல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்தன. வேலை எண்ணிக்கையைக் கூட்டுவது, பதிலுக்குச் சங்கங்கள் கூலி உயர்வு கேட்காமல் இருப்பது. வேலை கூடியது என்ற செய்தி கிராமங்களுக்குப் போனதும், கூடிய வேலையைவிட அதிகமான ஆட்கள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள். வேலையின்மையைக் குறைக்கச் செய்த காரியம் அதையே கூட்டிவிட்டது. நகரத்தில் வேலையை உருவாக்கினால் மட்டும் போதாது, கிராமத்து வருமானத்தைக் கவனியுங்கள் என்று ஹாரிசும் டொடாரோவும் சொன்னது இதனால்தான்.

என் சந்தேகம் இதுதான். என் தெருவிலிருந்து திருப்பூர் போன எவனும் பத்தில் ஆறு என்று கணக்குப் போட்டு பஸ் ஏறியதாகத் தெரியவில்லை. படுக்க இடம், சேர வேண்டிய கம்பெனி, முதல் வாரச் சாப்பாட்டுக்குக் கடன் எல்லாம் முடிவான பிறகுதான் ஏறினார்கள். அப்படியானால் நிகழ்தகவு எங்கே போயிற்று? உங்கள் ஊரில் எப்படி?

பாமணியாறு | ஞாயிறு, காலை 7.05

ஐயா, இதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். நூறு நாள் வேலையும் விலையில்லா அரிசியும் வந்த அன்றே நடவு போயிற்று. மரத்தடியில் உட்கார்ந்தால் காசு என்றால் சேற்றில் யார் இறங்குவார்கள்? இரண்டு வேலி (பதின்மூன்று ஏக்கருக்கு மேல்) சாகுபடி செய்த குடும்பம் எங்களுடையது. இப்போது பாதி நிலம் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகைக்காரரும் ஆள் இல்லை என்றுதான் அழுகிறார்.

கோரையாறு | ஞாயிறு, காலை 8.40

அண்ணா, ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தக் கூலிக்கு ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

நான் திருப்பூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இதை எழுத நேரம் கிடைத்தது. 2011-இல் வந்தேன். அப்பா அறுப்புக்குப் போனவர். அறுவடை எந்திரம் வந்த பிறகு அந்த வேலையும் இல்லை. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அறுப்பில் எங்களை வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தான். நடவில் நாங்கள் வரவில்லை என்றதும் கோபம் வருகிறது. ஆண்டில் இருபது நாள் நடவு, பத்து நாள் களை என்று நீங்கள் கூப்பிடும் நாளுக்காக மீதி முந்நூறு நாளும் ஒருவன் ஊரில் காத்திருக்க முடியுமா?

பேராசிரியர் ஐயா கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் சொன்னது சரி. வேலை கிடைக்குமா என்று நான் பயந்ததே இல்லை. மாமன் மகன் இங்கே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்தான். திங்கள் இரவு பஸ் ஏறினேன், செவ்வாய் காலை கைமடி, அதாவது டைலருக்கு உதவியாள், வேலையில் நின்றேன். எட்டு மாதத்தில் டைலர் ஆனேன். பயந்தது வேறு விஷயத்துக்கு. இரண்டாம் மாதம் மஞ்சள் காமாலை வந்தது. லைன் வீட்டில் ஆறு பேர், எல்லோரும் ஒன்றரை ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். பகலெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அன்றைக்குக் கூலி பெரிதாகத் தெரியவில்லை, எங்கள் தெருதான் பெரிதாகத் தெரிந்தது. இருபது நாள் ஊரில் கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அந்தக் கணக்கை உங்கள் படத்தில் எங்கே வரைவீர்கள்?

வெண்ணாறு | ஞாயிறு, காலை 9.15

தம்பி, வரைய இடம் இல்லை என்பதுதான் என் சங்கடமும். உடம்பு இப்போது எப்படி?

கோரையாறு | ஞாயிறு, காலை 9.22

அது பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று ஐயா. இப்போது குழந்தை இரண்டாம் வகுப்பு.

அரசலாறு | ஞாயிறு, முற்பகல் 11.30

ஆராய்ச்சி மாணவன் என்ற முறையில் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். கோரையாறு அண்ணன் கேட்டதற்கு வரைந்து காட்டிய ஒருவர் இருக்கிறார். பொருளியலாளர் கைவான் முன்ஷி. இவருடைய இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த இழை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலாவது 2003-இல் வந்தது. மெக்சிகோ கிராமங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்களைப் பற்றியது. ஓர் ஊரிலிருந்து ஏற்கெனவே போய் நிலைத்தவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்களோ அந்த அளவுக்குப் புதிதாகப் போகிறவருக்கு வேலையும் நல்ல சம்பளமும் கிடைக்கிறதா என்பது கேள்வி. இதை நிரூபிப்பது எளிதல்ல. அமெரிக்காவில் வேலை மலிந்திருந்தால் ஆட்களும் கூடுவார்கள், வேலையும் கிடைக்கும். எது எதற்குக் காரணம் என்று பிரிக்க முடியாது. இதைப் பிரிக்க அவர் கிராமத்து மழைக் கணக்கைப் பிடித்தார். சில ஆண்டுக்கு முன் மெக்சிகோ கிராமத்தில் மழை பொய்த்தால் அந்த ஊர் ஆட்கள் கூடுதலாகக் கிளம்பியிருப்பார்கள். அந்த மழைக்கும் இன்றைய அமெரிக்க வேலைச் சந்தைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அப்படிப் பார்த்தபோது உறவுக் கூட்டம் பெரிதாக இருந்தவர்களுக்கு வேலை எளிதாகக் கிடைத்தது தெரிந்தது. நம் பக்கம் என்றால் மழைக்குப் பதில் மேட்டூரை வைத்துக்கொள்ளலாம். ஜூன் 12-இல் அணை திறக்காத ஆண்டுகளில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று எடுத்தாலே ஒரு முனைவர் பட்டம் தேறும். (என் தலைப்பு அது இல்லை. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, மார்க் ரோசன்ஸ்வைகுடன் சேர்ந்து 2016-இல் எழுதியது. கேள்வி தலைகீழானது. இந்தியாவில் நகரத்துக் கூலி கிராமத்தைவிட இவ்வளவு மேலே இருந்தும் ஆண்கள் நிரந்தரமாகக் கிளம்புவது ஏன் இவ்வளவு குறைவு? அவர்கள் சொல்லும் காரணம் சாதி வழியாக ஊருக்குள் ஓடும் கைமாற்று. காய்ச்சல், கல்யாணம், கருமாதி, விளைச்சல் நட்டம் எதுவானாலும் சொந்த சாதிக்குள் கடனோ உதவியோ கிடைக்கும். குடும்பத்தின் ஆண் நகரத்துக்குப் போய்விட்டால் அந்த வட்டத்தில் பிடி தளர்ந்துவிடும். கூலி கூடுகிறது என்பதற்காக அந்தப் பாதுகாப்பை இழக்க யாரும் தயாராக இல்லை. தம் சாதிக்குள் கொஞ்சம் வசதியானவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள். அவர்கள் அந்தக் கைமாற்றில் வாங்குவதைவிடக் கொடுப்பதுதான் அதிகம்.

ஒரே உறவுக் கூட்டம் ஒரு பக்கம் காலைக் கட்டுகிறது, இன்னொரு பக்கம் தோளில் தூக்கிக் கொண்டுபோய் விடுகிறது.

கடைமடை | ஞாயிறு, பிற்பகல் 1.10

தலைஞாயிறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி சொன்ன கைமாற்றுக் கதை எங்களுக்கு 2018 நவம்பர் 16 வரை பொருந்தும்.

அன்று விடியற்காலை கஜா புயல் கரையேறியது. தென்னை, மா, ஓட்டு வீடு எதுவும் மிஞ்சவில்லை. என் தோப்பில் 140 மரம் நின்ற இடத்தில் பதினொன்று நின்றன. கைமாற்றுக் கேட்கலாம் என்று போனால் பக்கத்துத் தோப்புக்காரரும் கீழே கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். அவரிடம் நானும் என்னிடம் அவரும் என்ன கேட்பது? ஒருவர் வீட்டில் இடி விழுந்தால் ஊர் தாங்கும். ஊர் முழுக்க விழுந்தால் யார் தாங்குவது? அதுவரை வெளியூர் வேலை என்றால் முகம் சுளித்த வீடுகளிலிருந்து ஒரே மாதத்தில் பிள்ளைகள் கிளம்பினார்கள். காலைக் கட்டியிருந்த கயிறே அறுந்துவிட்டது.

அரசலாறு | ஞாயிறு, பிற்பகல் 1.45

ஐயா, இதைத்தான் பாடத்தில் பொது அதிர்ச்சி, தனி அதிர்ச்சி என்று பிரிப்பார்கள். ஊருக்குள் இருக்கும் பாதுகாப்பு தனி அதிர்ச்சிக்கு மட்டும்தான் தாங்கும். நீங்கள் சொன்ன விதத்தில் எந்தப் பாடநூலும் சொல்லியிருக்காது.

வெண்ணாறு | ஞாயிறு, மாலை 5.30

சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்து பார்த்தால் இழை இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது.

உறவு வழியாக ஆள் போவது நம் பகுதிக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்களும் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களும் கங்காணி பின்னால் போனவர்கள்தான். கங்காணி யார்? ஏற்கெனவே அங்கே வேலை பார்த்து, தன் ஊருக்கே திரும்பி வந்து, தன் தெருவாசிகளையே கூட்டிக்கொண்டு போகிறவர். கடன் கொடுத்துக் கட்டிப்போட்டவரும் அவர்தான், பாதுகாப்பு என்று நம்பவைத்தவரும் அவர்தான். ராஜூலா கப்பல் பினாங்குக்கு ஓடிய காலத்தில் என் பாட்டனாரின் தம்பி போனார். எதிர்பார்க்கும் கூலி என்ற சூத்திரம் அவருக்குத் தெரியாது. எதிரே இருந்த கங்காணியைத் தெரியும்.

இன்னொரு செய்தி. இந்தியப் பொருளியலுக்கு என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களை ஊர் ஊராக அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். 1918-இல் நூலாக வந்தது. அதில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு என்று எடுத்துக்கொண்ட ஊர் பாலக்குறிச்சி. இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. அதே ஊருக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் பலமுறை திரும்பப் போனார்கள். நூறு ஆண்டாக நம்மை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பாமணியாறு | ஞாயிறு, மாலை 6.15

எல்லாம் சரி, நூறு நாள் வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

அரசலாறு | ஞாயிறு, இரவு 7.00

திறக்கிறேன் ஐயா. கிளெமென்ட் இம்பெர், ஜான் பாப் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் பார்த்தது. உங்கள் பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது: அந்தத் திட்டம் நன்றாக நடந்த மாநிலங்களில் தனியாரிடம் கிடைக்கும் கூலி ஏறியது. ஆனால் அந்த ஏற்றம் வறண்ட மாதங்களில்தான். திட்ட வேலையே பெரும்பாலும் வயல்வேலை இல்லாத பருவத்தில் நடக்கிறது. நம் பக்கம் என்றால் கோடையில் வாய்க்கால் வெட்டுகிறார்கள். உங்கள் நடவு ஐப்பசியில். வெளியூருக்குத் தற்காலிகமாகப் போவது அந்தத் திட்டத்தால் குறைந்தது என்றும் அவர்கள் இன்னொரு கட்டுரையில் காட்டினார்கள். அதாவது, திட்டம் ஆட்களை ஊரில் நிறுத்தியிருக்கிறது, ஊரைவிட்டு விரட்டவில்லை.

பாமணியாறு | ஞாயிறு, இரவு 7.20

கட்டுரையில் நடவு நட முடியாது தம்பி.

குடமுருட்டி | ஞாயிறு, இரவு 9.50

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கடை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு இப்போதுதான் எழுத முடிகிறது.

பேராசிரியர் ஐயா, ஒரு கேள்வி. நடவு யார் நடுகிறார்கள்?

உங்கள் மூன்று தெருவிலும் நீங்கள் தேடியது பெண்களை. இங்கே இவ்வளவு நேரம் பேசியது ஆண்களைப் பற்றி. திருப்பூருக்குப் போன ஆண் ஊரில் இருந்திருந்தாலும் உங்கள் வயலில் நாற்று நட்டிருக்கப்போவதில்லை. நாற்றுப் பறிப்பார், வரப்பு வெட்டுவார், நடவு நட மாட்டார். இந்த முன்ஷி என்பவரும் ஆண்கள் ஏன் கிளம்பவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார். நாங்கள் எங்கே போனோம் என்று யார் கேட்டார்கள்?

நாங்கள் எங்கும் குடிபெயரவில்லை. காலை எட்டு மணி பஸ்ஸில் கும்பகோணம் போகிறோம், இரவு எட்டரை பஸ்ஸில் திரும்புகிறோம். நான் ஜவுளிக்கடையில் நிற்கிறேன். என் அம்மா நாற்பது ஆண்டு நடவு நட்டவர். அவர் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறி நான் பார்த்ததில்லை. கடைச் சம்பளம் நடவுக் கூலியைவிட நாள் கணக்கில் பார்த்தால் குறைவுதான். ஆச்சரியமாக இருக்கிறதா? ஆனால் அது மாதம் முழுக்க வரும். நிழலில் வரும். 2021-இல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு கையில் நின்றது. அதற்கு முன் சம்பளத்தில் ஒரு பங்கு கண்டக்டர் பையில் விழுந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் அந்தக் கணக்குப் பார்த்தே வீட்டில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதே ஆண்டுதான் கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமும் வந்தது. எங்கள் கடையில் நான்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் பார்க்கும் பார்வை வேறு விஷயம்.

வெண்ணாறு | திங்கள், காலை 5.45

அம்மா, முப்பது ஆண்டு பாடம் நடத்தியவனை ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டீர்கள். இரவு தூக்கம் வரவில்லை.

நேற்று நான் பார்த்த பூட்டிய கதவுகளில் பாதிக்கு மேல் நீங்கள் சொல்லும் எட்டு மணி பஸ்தான் என்று இன்று புரிகிறது. ஹாரிஸ்–டொடாரோ படத்தில் ஊர் ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம். தினமும் போய்த் திரும்புகிறவருக்கு அதில் வீடே கிடையாது.

அரசலாறு | திங்கள், காலை 7.10

குடமுருட்டி அக்கா சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேரூராட்சியோ நகராட்சியோ அல்லாத ஓர் ஊரை நகரம் என்று சொல்ல மூன்று அளவுகோல்: மக்கள் 5,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது, முதன்மையாக உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்காவது விவசாயம் அல்லாத வேலையில். பெண்கள் எந்த வேலையில் இருந்தாலும் அந்த ஊர் நகரமா இல்லையா என்பதை அது மாற்றாது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 48.4 விழுக்காடு மக்கள் நகரவாசிகள், பெரிய மாநிலங்களில் இதுவே அதிகம். அக்கா அந்தக் கணக்கில் கிராமவாசி. அவருடைய உழைப்பு கும்பகோணத்தில், அவருடைய ஓட்டு ஊராட்சியில்.

கோரையாறு | திங்கள், பிற்பகல் 1.20 (சாப்பாட்டு இடைவேளை)

அக்காவுக்கு ஒரு கேள்வி. கும்பகோணத்தில் ஒரு கடையை விட்டால் அடுத்த கடையில் உடனே எடுப்பார்களா?

குடமுருட்டி | திங்கள், பிற்பகல் 2.05

எடுப்பார்கள். ஆனால் பழைய முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள். தீபாவளிக்கு முன் என்றால் கேட்காமலே எடுப்பார்கள்.

கோரையாறு | திங்கள், இரவு 9.30

அதுதான் வித்தியாசம். இங்கே சண்டை போட்டு வெளியே வந்தால் தெரு திரும்புவதற்குள் ‘டைலர் தேவை’ என்ற பலகை தொங்கும். ஊர் பெயரும் கேட்கமாட்டார்கள், மெஷினில் உட்காரவைத்து ஒரு பீஸ் தைக்கச் சொல்வார்கள். அந்தத் தைரியத்தில்தான் கூலியும் கேட்க முடிகிறது. எங்கள் ஊரில் ஒரே ஒரு பனியன் கம்பெனி வந்தால் நான் திரும்ப மாட்டேன். இருபது வந்தால் யோசிப்பேன்.

வெண்ணாறு | திங்கள், இரவு 10.10

தம்பி, 1890-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதியதை மெஷினில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிட்டாய். ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் தேர்ந்த கைக்கு அங்கே எப்போதும் சந்தை இருக்கும், தனித்து நிற்கும் ஆலை ஆளுக்குத் திண்டாடும், தொழிலின் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும், குழந்தைகள் அறியாமலே கற்றுக்கொள்வார்கள் என்றார் அவர். நகரம் ஏன் வளர்கிறது என்று இன்று எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம்மிடம் அப்படிப்பட்ட ஊர்கள் இல்லாமல் இல்லை. சுவாமிமலையில் சிலை வார்க்கும் அச்சுக்குக் காவிரி வண்டல்தான் மண். நாச்சியார்கோவிலில் தெருவுக்குத் தெரு குத்துவிளக்குப் பட்டறை. திருபுவனத்தில் தறி. மார்ஷல் கண்டால் மகிழ்ந்து போயிருப்பார். ஆனால் ஒரு விளக்குப் பட்டறை எத்தனை பேரை எடுக்கும்? அந்தத் தொழில் குடும்பத்துக்குள்ளேயே கைமாறுகிறது. நடவை விட்ட பெண்ணுக்கு அங்கே இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பாமணியாறு | செவ்வாய், காலை 6.30

தொழிற்சாலை எப்படி வரும்? 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்துக் கதவைச் சாத்திவிட்டார்களே.

கடைமடை | செவ்வாய், காலை 7.00

அண்ணே, அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். தடை செய்தது எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய கிணறுகள், செம்பு, அலுமினியம், துத்தநாக உருக்காலை, இரும்பு உருக்கு, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் போன்றவற்றை. தையல் மெஷினை அதில் யாரும் தடுக்கவில்லை. வராததற்குக் காரணம் வேறு. தம்பி சொன்ன அந்த இருபதில் முதலாவதாக வர யாருக்கும் துணிச்சல் இல்லை.

அரசலாறு | செவ்வாய், காலை 9.40

துணிச்சல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் ரங்பூர் பகுதியில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களுக்கு மொங்கா என்று பெயர். வயலில் வேலை இருக்காது, வீட்டில் சோறு இருக்காது, இருந்தும் ஆட்கள் நகரத்துக்குக் கிளம்பாமல் இருந்தார்கள். பொருளியலாளர் முஷ்ஃபிக் முபாரக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2008-இல் பஸ் கட்டணம் போல 8.50 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறு தொகைக்கே 22 விழுக்காடு குடும்பங்கள் ஒருவரை அனுப்பின. ஊரில் இருந்தவர்களின் சாப்பாடு தேறியது. காசு கொடுப்பதை நிறுத்திய பிறகும் பலர் அடுத்தடுத்த ஆண்டும் போனார்கள். பசியின் விளிம்பில் இருப்பவனால் ஒருமுறை தோற்கக்கூட முடியாது, அதனால்தான் முயலவில்லை என்பது அவர்கள் விளக்கம். இதன் தொடர்ச்சியில் பாமணியாறு ஐயாவுக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது: ஆட்கள் நிறையக் கிளம்பிய ஊர்களில் தங்கியவர்களின் விவசாயக் கூலி ஏறியது.

கடைமடை | செவ்வாய், காலை 10.15

அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு தம்பி, அதை விட்டுவிட்டீர்கள். அதைப் பெரிய திட்டமாக விரித்தபோது 2017-இல் முன்போல ஆட்கள் கிளம்பவில்லை. நடத்திய அமைப்பு 2019-இல் அதை மூடிவிட்டது. தங்கள் திட்டம் பலிக்கவில்லை என்று தாங்களே சொல்லி மூடியதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை. இங்கே பலிக்காத திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் அறிவிப்பார்கள்.

அரசலாறு | செவ்வாய், காலை 10.20

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. சொல்லியிருக்க வேண்டும்.

பாமணியாறு | செவ்வாய், இரவு 8.00

எனக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. மேற்கு வங்கத்திலிருந்து இருபது பேர் கொண்ட குழு ஒன்று மன்னார்குடி பக்கம் தங்கியிருக்கிறது. ஏக்கர் கணக்கில் பேசி நடுகிறார்கள். எல்லோரும் ஆண்கள்! கயிறு பிடித்தது போல நேர்வரிசை. குடமுருட்டி அம்மா, நடவுக்கு ஆண் கை ஆகாது என்று இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி | செவ்வாய், இரவு 10.05

ஆகாது என்று நான் சொல்லவில்லை ஐயா. நம் வீட்டு ஆண்கள் செய்யமாட்டார்கள் என்றேன். ஆயிரம் மைல் தள்ளி வந்தால் செய்வார்கள் போலிருக்கிறது.

வெண்ணாறு | புதன், காலை 5.30

அருமை. 1885-இல் ரேவன்ஸ்டைன் என்பவர் இங்கிலாந்தின் கணக்கெடுப்பை வைத்து இடப்பெயர்வுக்குச் சில விதிகள் எழுதினார். நகரத்துக்கு அருகில் இருப்பவர்கள் முதலில் உள்ளே போவார்கள், அவர்கள் விட்ட இடத்தை அதற்கும் தொலைவில் இருப்பவர்கள் வந்து நிரப்புவார்கள், இப்படிப் படிப்படியாக ஈர்ப்பு நாட்டின் கடைசி மூலை வரை போகும் என்பது அதில் ஒன்று. குடமுருட்டி அம்மா கும்பகோணம் போனார், அந்த இடத்துக்கு வங்காளத்துப் பையன் வந்தான். அவன் விட்டுவந்த வயலில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய அம்மாவாக இருக்கலாம்.

என் வயல் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை, எட்டு மணி பஸ்ஸில் போகாதவர்கள் யார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். கைக்குழந்தை உள்ளவர்கள், வயதானவர்கள், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் திரும்ப அழைக்க வேண்டியவர்கள். அவர்களில் ஒருவர் ஒன்பது பேரைச் சேர்த்துத் தருகிறேன் என்றார். நாள் கூலி வேண்டாமாம், மா கணக்கில் பேசிவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து வருகிற நான்கு பேருக்கு லோடு ஆட்டோ வாடகை என் பொறுப்பு. நான் முதலில் சொன்ன தொகையைக் கேட்டுச் சிரித்தார். கோரையாறு தம்பி எழுதியது நினைவுக்கு வந்து நானே ஏற்றிச் சொன்னேன். நாளைக்கு நடவு.

குடமுருட்டி | புதன், காலை 7.40 (பஸ் நிறுத்தத்தில்)

சந்தோஷம் ஐயா. மூன்று மணிக்குள் விட்டுவிடுங்கள். நான்கு மணிக்குப் பள்ளி விட்டுவிடும்.

வெண்ணாறு | புதன், காலை 7.52

மூன்று இல்லை அம்மா, இரண்டு மணி என்று ஏற்கெனவே கறாராகப் பேசிவிட்டார்கள். டீ இரண்டு முறை.